ஐந்தாவது ஆமை

"சீட்டு விளையாட்டுக்கும் எங்க வீட்டுக்காரவுகளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மெட்டில்டா கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. வந்தவளுக்கு நாற்காலி போட்டு, டீயும் கொடுத்துவிட்டு, புரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டாள். உள்ளறையில் அவள் கணவன் மிக்கேல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கடல்சுவரின் ஒரு பகுதி சரிந்து, அவனோடு வேலை செய்த நான்கு முக்குளிப்பவர்களும் தண்ணீருக்கடியில் செத்துப்போனதிலிருந்து அவன் அப்படித்தான் இருந்தான். சோற்றை வைத்தால் சாப்பிட்டான். மனைவி தோளைத் தொட்டால் மட்டும், பேருந்தில் யாரோ உரசிவிட்டது போல நகர்ந்துகொண்டான்.

வந்திருந்த கயலுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருந்தது. அங்கயற்கண்ணி என்ற முழுப்பெயரை மதுரையில் அவளுடைய அம்மாவைத் தவிர யாரும் சொல்வதில்லை. அவள் மருத்துவரும் இல்லை, பொறியாளரும் இல்லை. சீட்டு விளையாட்டுகளை வடிவமைப்பவள். அவள் உருவாக்கிய 'ஆழிப்போர்' பள்ளிக்கூட வாசல்களிலும் டீக்கடை பெஞ்சுகளிலும் பல வருடங்கள் ஓடியது. கடல் மேலேறி வந்ததால், மணல்முனை ஊரைக் காப்பாற்ற நீருக்கடியிலிருந்து சுவர் எழுப்பத் தொடங்கிய ஒப்பந்த நிறுவனம் அவளைத் தேடி வந்தது அந்த விளையாட்டில் இருந்த ஒரே ஒரு விதிக்காக.

அவள் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"இது ஆமை. தனியா இருந்தா இதோட பலம் ரெண்டு. பக்கத்துல இன்னொரு ஆமைய வைக்கிறேன். மேஜையில வேற எத்தனை ஆமை இருக்கோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பலம் கூடும். அதுதான் விதி. இப்ப ரெண்டும் மூணு மூணு ஆயிருச்சு. சேத்துச் சொல்லுங்க."

"ஆறு."

"ரெண்டும் ரெண்டும் நாலுதானே வரணும்? ஆறு வருது பாத்தீங்களா. அஞ்சு ஆமை வச்சா?"

மெட்டில்டா உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். "ஒண்ணொண்ணும் ஆறு. அஞ்சாறு முப்பது."

"இதுக்குப் பேரு குலபலம். சுறாவுக்குச் சுறா பலம், நண்டுக்கு நண்டு. ஆமைக்குப் பக்கத்துல சுறாவை வச்சா ஒண்ணும் கூடாது."

மிக்கேலின் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு பதித்திருந்தார்கள். அது அவனுடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அனுப்பும். அவர்களுடையதை அவனுக்கு வாங்கித் தரும். ஒரே மாதிரி நாடி உள்ளவர்கள் கூப்பிடு தூரத்துக்குள் இருந்தால் ஒருவரை ஒருவர் அமைதிப்படுத்துவார்கள். கை நடுங்காது, காற்று குறைவாகச் செலவாகும், இருட்டுத் தண்ணீரில் பயம் வராது. ஆனால் ஐந்து பேர் ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே போனால் அது எங்கே போய் நிற்கும் என்று நிறுவனத்தின் ஆட்களுக்குத் தெரியவில்லை. தலைக்கு எவ்வளவு கூட்டினால் கட்டுக்குள் நிற்கும் என்ற கணக்கு கயலிடம் ஏற்கெனவே இருந்தது. லட்சக்கணக்கான ஆட்டங்களில் தேய்த்துப் பார்த்த கணக்கு. முக்குளிப்பவர்களும் அந்த விளையாட்டின் பெயர்களையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். மிக்கேல் ஆமை.

"மனுசங்களயும் இப்படிப் பிரிச்சிட்டியளா?" என்றாள் மெட்டில்டா.

"நாடி துடிக்கிற விதத்த வச்சு மட்டும்தான். சாதி, ஊரு எதுவும் கிடையாது."

"எத வச்சுப் பிரிச்சா என்ன மேடம், பிரிச்சது பிரிச்சதுதான?" என்றவள், மேஜையிலிருந்த ஐந்து சீட்டில் நான்கை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். "இப்ப இதுக்கு என்ன பலம்?"

"மறுபடி ரெண்டு."

"இல்ல. மொதல்ல ரெண்டா இருந்தப்ப அவிய எங்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டுதான் இருந்தாவ. சண்ட போட்டாவ, சமாதானமானாவ. முப்பதப் பாத்துட்டு ரெண்டுக்கு வந்தா அது ரெண்டு இல்ல மேடம். எத்தனைன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

கயல் எழுந்தாள். சீட்டுக்கட்டை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

*

தாமோதரன் மணல்முனை வேலைத்தளத்தின் மேலாளர். கயல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப தீர்வு உங்க விதியிலயே இருக்கே மேடம்" என்றார். "ஆமை குறைஞ்சுபோச்சு. ஆமை கொண்டுவருவோம்."

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தும் ராமேசுவரம் பக்கத்திலிருந்தும் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஆமை நாடி. எல்லாருக்கும் சில்லு பதித்தாயிற்று. படகுத்துறைக் கொட்டகையில் அவர்கள் உட்கார்ந்திருக்க, மெட்டில்டாவும் அவள் அண்ணனும் மிக்கேலைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள்.

கொட்டகையை நெருங்க நெருங்க அவன் நடை மாறியதைக் கயல் கண்ணால் பார்த்தாள். முதலில் தோள் இறங்கியது. பிறகு தலை நிமிர்ந்தது. வாசலில் அவன் மைத்துனனின் கையை விலக்கிவிட்டுத் தானாக உள்ளே போனான். "டீ இருக்கா லேய்?" என்று கேட்டான். நான்கு பேரில் ஒருவன் ராமேசுவரத்து நண்டுக் குழம்பைப் பற்றி ஏதோ சொல்ல, மிக்கேல் வாய்விட்டுச் சிரித்தான். மெட்டில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாமோதரன்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் மத்தியானம் படகுத்துறையில் கயலின் அறைக் கதவை மிக்கேல் தட்டினான். மற்ற நால்வரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் உதடு வெளுத்திருந்தது.

"நேத்து நான் சிரிச்சேன்க்கா."

"பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சு."

"தொம்மை உக்காருற எடத்துல ஒருத்தன் உக்காந்தான். அவன் பேரு எனக்கு இன்னும் வாயில வரல. ஆனா நெஞ்சு அவனத் தொம்மைன்னே எடுத்துக்கிச்சு. தொம்மையும் நானும் ஒண்ணாம் வகுப்புலருந்து ஒண்ணாப் படிச்சோம். அவன் கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழன் நான். அவனும் போயி மத்த மூணு பேரும் போயி, நெஞ்சுல ஒரு பள்ளம் கெடந்துச்சு. நேத்து நாலு புதுப் பயலுவ வந்து உக்காந்தானுவ, அந்தப் பள்ளம் தூர்ந்துபோச்சு. அஞ்சு நிமிசத்துல. வீட்டுக்குப் போயி வாந்தி எடுத்தேன்."

கயல் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க எந்திரம் ஆளப் பாக்காதா?"

"பாக்காது மிக்கேல். குலத்தைத்தான் பாக்கும். எத்தனை தலைன்னு எண்ணும்."

"இன்னொண்ணும் இருக்கு." அவன் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தான். "அன்னைக்கு என் வெட்டுக்கத்தி மழுங்கிப்போச்சு. மாத்திக்கிட்டு வாரேன்னு சைகை காட்டிட்டு மேல ஏறினேன். நான் படகத் தொடும்போது கீழ சுவரு எறங்கிச்சு. எம்பொண்டாட்டி மேஜையில நீங்க விட்டுட்டு வந்த சீட்ட வச்சு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். அஞ்சு பேர் முப்பது. ஒருத்தன் போனா நாலு பேர், ஆளுக்கு அஞ்சு, இருவது. ஒருத்தன் போனதுக்குப் பத்து கொறையுது. அந்தப் பத்த நாந்தான எடுத்துக்கிட்டு ஏறிட்டேன்? அவனுவ பயந்துருப்பானுவ. கையும் காலும் ஓடாம நின்னுருப்பானுவ. அதான் செத்தானுவ."

சாவுச் செய்தி வந்த அன்றே கயல் அந்தக் கணக்கைப் போட்டிருந்தாள். அவளுக்கும் அதே விடைதான் வந்திருந்தது.

"எனக்கு இந்தப் புது ஆளுவ வேண்டாம்" என்றான். "உங்க விளையாட்டுல மூதாமைன்னு ஒரு சீட்டு உண்டே. தொம்மைக்குப் புடிச்ச சீட்டு. படகுல ஆடும்போது அதக் கையில வச்சுக்கிட்டு விடவே மாட்டான்."

மூதாமையின் விதி கயலுக்கு மனப்பாடம். ஆட்டத்தில் வெட்டுப்பட்ட சீட்டுகளை மேஜையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்கள். அந்த இடத்துக்குக் கரை என்று பெயர். மற்ற ஆமைகளுக்கு மேஜையில் உயிரோடு இருக்கும் ஆமைகள்தான் கணக்கு. மூதாமைக்கு மட்டும் கரையில் கிடக்கும் ஆமைகளும் கணக்கில் சேரும்.

"அவனுவ மூச்சு, நாடி எல்லாம் நீங்க பதிஞ்சு வச்சிருப்பியதான?" என்றான் மிக்கேல். "செத்தவனுவளையும் எனக்கு எண்ணிக் குடுங்கக்கா."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். அது சரியா என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. கடைசியில் முடிவு செய்ய வைத்தது மெட்டில்டாதான். "புது ஆளுவகூட இருந்தா சிரிக்காவ, வீட்டுக்கு வந்தா தன்னையே அடிச்சுக்கிடுதாவ மேடம். எப்படியாச்சும் ஒரு வழி பண்ணுங்க" என்றாள். கயல் பழைய பதிவுகளை எடுத்து, மிக்கேலின் சில்லு புதியவர்களை எண்ணாமல் அந்த நால்வரை மட்டும் எண்ணும்படி மாற்றினாள்.

மருத்துவ அறையில் அதை இயக்கியதும் மிக்கேல் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தான். பிறகு, "லேய்" என்றான், மிக மெதுவாக. அதற்கப்புறம் அவன் அழுத அழுகையில் பக்கத்து அறையிலிருந்த செவிலியர் ஓடிவந்தார். கயல் அவரைத் தடுத்தாள். அது அழவேண்டிய அழுகை. அன்று அவன் வீட்டுக்குப் போய் மெட்டில்டாவிடம் தொம்மையைப் பற்றிச் சாயங்காலம் முழுக்கப் பேசினானாம். மீன் குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்றானாம். அதைச் சொல்லும்போது மெட்டில்டாவின் முகம் மலர்ந்திருந்தது.

*

அடுத்து நடந்ததைக் கயல் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று பின்னால் நினைத்துக்கொண்டாள்.

தாமோதரன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மிக்கேல் இப்ப தனியா இறங்கினாலும் அஞ்சு ஆமை பலத்தோடதானே இருப்பான்?"

"கணக்குப்படி ஆமா."

"விரிசல் விட்ட பகுதியை மழைக்கு முன்னாடி அடைக்கணும். அங்க அஞ்சு பேரை இறக்க எனக்கு மனசு வரல. ஒருத்தன் போதும்னா ஒருத்தனை இறக்குவோம்."

"சார், கரையில கிடக்கிற சீட்டு எண்ணிக்கைக்குத்தான் வரும். எதிரி அடிச்சா தடுக்க அது எழுந்து வராது. விளையாட்டுலயே அப்படித்தான்."

"மேடம்" என்றார் தாமோதரன். "அன்னைக்கு நாலு வீட்டுக்கும் போய்ச் செய்தி சொன்னது நான். தொம்மை சம்சாரம் செபமாலை வாசல்ல மீன் அலசிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்து எந்திரிக்கவே இல்ல. 'சொல்லுங்க சார்'னுச்சு. இன்னொரு தடவை நாலு வீட்டுக்குப் போக என்னால ஆகாது. கீழ இருக்கிற தலை எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறேன். இதுல தப்பு இருந்தா சொல்லுங்க."

சொல்ல முடிகிற தப்பு எதுவும் அவளுக்கு அப்போது தெரியவில்லை. மிக்கேலிடம் கேட்டார்கள். "தொம்மையோட எறங்குறதுக்கு எனக்கென்ன?" என்று சம்மதித்தான்.

காலை வெயில் ஏறியபிறகு படகு கிளம்பியது. திரையைப் பார்க்கக் கயலும் போனாள். மிக்கேலின் காற்றுக்குழாயையும் உயிர்க்கயிற்றையும் கவனிக்க ரோஸலின் என்ற முக்குளிப்பவளைப் போட்டிருந்தார்கள். அவள் சுறாக் குழுவைச் சேர்ந்தவள். அவள் குழு அன்று வடக்கு முனையில் வேலை செய்தது. அதனால் படகில் அவளுக்கு எந்தக் குலபலமும் இல்லை. கயிற்றை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அடிக்கடி உதட்டை நக்கியபடி தண்ணீரையே பார்த்தாள்.

மிக்கேல் இறங்கினான். திரையில் அவன் நாடி சீராக ஓடியது. மூச்சு நிதானம். ஓரத்தில் எண்ணிக்கை ஐந்து என்று பச்சை எழுத்தில் நின்றது. கயலுக்கு நிம்மதியாக இருந்தது. தன் கணக்கு இவ்வளவு அழகாக ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"கயிறு அசையல" என்றாள் ரோஸலின்.

"வேலை செஞ்சிக்கிட்டு இருப்பாரு" என்றாள் கயல்.

"வேல செஞ்சா கொஞ்சமாச்சும் அசையும்."

"இங்க பாருங்க, எல்லாம் பச்சையா இருக்கு. பதட்டமே இல்ல அவருக்கு. ஏதாவதுன்னா கயிற இழுப்பாரு."

ரோஸலின் திரையை ஒருமுறை பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் கைகள் நடுங்கின. நடுங்கும் கைகளாலேயே கயிற்றைப் படகோட்டியிடம் கொடுத்தாள், முகமூடியை மாட்டினாள், ஒரு சிறு காற்று உருளையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு குதித்துவிட்டாள். கயல் வேண்டாம் என்று கத்தினாள். குதித்த பிறகுதான் கத்தினாள்.

காத்திருந்த நேரம் முழுவதும் திரை அப்படியே இருந்தது. சீரான நாடி. எண்ணிக்கை ஐந்து. நாடியின் வேகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. அதை இன்னும் ஆழ்ந்த அமைதி என்று கயல் படித்துக்கொண்டிருந்தாள்.

ரோஸலின் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது மிக்கேலின் முகம் நீலமாக இருந்தது.

*

சரிந்த கல் ஒன்று நகர்ந்து அவனுடைய காற்றுக்குழாயை நசுக்கியிருந்தது. ரோஸலின் போனபோது அவன் மண்டியிட்டு, கையில் கருவியோடு, இன்னும் வேலை செய்ய முயன்றுகொண்டிருந்தானாம். உயிர்க்கயிறு அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது.

மருத்துவமனைக் கட்டிலில் மெட்டில்டா அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கயல் கேட்டாள். "ஏன் கயித்த இழுக்கல?"

மிக்கேல் யோசித்தான். அவனுக்கே அது புதிதாக இருந்தது. "நெஞ்சு இறுகிச்சு. சரி, காத்து வரல போலன்னு நெனச்சேன். நெனச்சுட்டு வேலயப் பாத்தேன். தொம்மை பக்கத்துல இருக்கான். எல்லாவனும் இருக்கானுவ. அதுக்கு மேல என்ன வேணும்னு தோணிச்சு. பயமே வரலக்கா. பயம் வந்தாத்தான கயித்த இழுக்கத் தோணும்?"

கயல் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தாள்.

"மிக்கேல், அன்னைக்கு கத்தி மாத்த மேல ஏறினீங்களே. ஏறும்போது எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"மனசுல என்ன இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பாதி தூரம் ஏறினப்பொறவு திடீர்னு பயம் வந்துச்சு. சும்மா இல்ல, கொல நடுங்குற பயம். சுவரு முனகுற சத்தம் கேட்டுச்சு. அதான் படபடன்னு ஏறினேன்."

"அந்தச் சத்தம் அப்பத்தான் மொதல்ல கேட்டுச்சா?"

"இல்ல..." மிக்கேல் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "காலயிலருந்தே கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. அஞ்சு பேருக்கும் கேட்டுச்சு. தொம்மை சுவரத் தட்டிக் காட்டிச் சிரிச்சான். கீழ இருக்கும்போது அது ஒரு சத்தமாத்தான் இருந்துச்சு. பயமாத் தெரியல."

கயல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கூப்பிடு தூரம் தாண்டினதும் உங்க பலம் ரெண்டுக்கு வந்திருக்கு" என்றாள் கயல். "ரெண்டுக்கு வந்ததாலதான் உங்களுக்குப் பயம் வந்துச்சு. பயந்ததாலதான் நீங்க பொழைச்சீங்க. அவங்க நாலு பேர் இருபதுல இருந்தாங்க. இருபது ரொம்பப் பெரிய பலம். நீங்க போனதால அவங்க பயந்து சாகல மிக்கேல். பயப்படாம நின்னுக்கிட்டே செத்தாங்க. நீங்க எடுத்துக்கிட்டுப் போன பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குறைஞ்சதால இல்ல, குறையாததால."

மெட்டில்டா அவன் காலிலிருந்து கையை எடுக்கவில்லை. மிக்கேல் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"இத அணைச்சுவிடுங்க" என்று காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினான்.

"அணைச்சா அவங்க நாலு பேரும்..."

"தெரியும்."

சில்லை மருத்துவமனையிலோ வேலைத்தளத்து மருத்துவ அறையிலோ வைத்து, அவரவர் வாயால் சம்மதம் சொன்னால்தான் அணைக்க முடியும். மிக்கேல் சம்மதம் சொன்னான். அணைத்தபோது கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, மெட்டில்டாவின் கையைத் தேடி எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

கயல் தாமோதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர்கள் திரையின் பதிவைப் பார்த்தார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை பச்சைதான். சில்லில் கோளாறு எதுவும் தெரியவில்லை, குழாயைத்தான் சோதிக்க வேண்டும், அடுத்த குழு வழக்கம்போல இறங்கட்டும் என்று பதில் வந்தது. அடுத்த குழு என்பது அந்த நான்கு புதிய ஆமைகள்.

*

மருத்துவமனையிலிருந்து விட்டதும் மிக்கேல் நேராகத் தொம்மையின் வீட்டுக்குத்தான் போனான். சாவு வீட்டுக்கு அப்போது போகாதவன், இப்போது மெட்டில்டாவையும் கயலையும் கூட்டிக்கொண்டு போனான். செபமாலை கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?"

அவன் தலை குனிந்து நின்றான். அவள் விலகி வழி விட்டாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவளே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மிக்கேலு. கடைசியில அவிய ரொம்பப் பயந்துட்டாவளோ?"

"இல்ல மதினி. கொஞ்சங்கூடப் பயப்படல."

செபமாலை கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிடுவான் என்றுதான் கயல் நினைத்தாள்.

"பயந்துருந்தா மேல வந்துருப்பான் மதினி" என்றான் மிக்கேல். சுவரின் முனகலை, தொம்மை தட்டிச் சிரித்ததை, தான் பாதி வழியில் நடுங்கியதை, பின்னால் தானும் மூச்சில்லாமல் மண்டியிட்டு வேலை பார்த்ததை எல்லாம் திக்கித் திக்கிச் சொன்னான்.

செபமாலை அசையாமல் கேட்டாள். அழவில்லை. கடைசியில், "அந்தப் புதுப் பயலுவ எப்ப எறங்குதானுவ?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு. இப்ப" என்றாள் கயல்.

"பொறவு இங்க வந்து உக்காந்து எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லிக்கிட்டு இருக்கிய?" அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். "நாம அழுவலாம். அழுவ நாள் கெடக்கு. நடங்க."

படகுத்துறையில் நான்கு பேரும் கவசம் மாட்டி, படகின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாமோதரன் கொட்டகை நிழலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். கயல் அவர்களிடம் விளக்கினாள். மிக்கேல் விளக்கினான். நான்கு பேரும் மரியாதையோடு கேட்டார்கள். ஒருவன் மிக்கேலின் தோளில் கைவைத்தான். ராமேசுவரத்துக்காரன் சிரித்தான். "உங்க கஷ்டம் புரியுதுண்ணே. எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க நல்லா இருக்கோம்."

அந்தச் சிரிப்பில் துளி நடிப்பு இல்லை என்பதுதான் கயலை நடுங்க வைத்தது. இவர்களிடம் எதைச் சொன்னாலும் அது ஒரு செய்தியாகத்தான் போய்ச் சேரும். ஆளுக்கு ஐந்து பலம். சொல்லிப் பயமுறுத்த முடியாத உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

செபமாலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னால் போய் ராமேசுவரத்துக்காரனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எறங்கு தம்பி. எங்கூடக் கொஞ்சம் நட."

"எங்கம்மா?"

"சும்மா. அந்தா, அந்தப் படகு கவுத்திப் போட்டிருக்கே, அதுவரைக்கும். செத்தவன் பொண்டாட்டி கூப்பிடுதேன், வர மாட்டியா?"

அவனுக்கு மறுக்கத் தோன்றவில்லை. எதற்கும் பதறாத மனநிலையில் இருப்பவன், இதற்கும் பதறவில்லை. குதித்து இறங்கி அவளோடு மணலில் நடந்தான். கவசத்தோடு அவன் தடுமாறிய இடங்களில் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கயலும் மெட்டில்டாவும் பின்னால் போனார்கள். அவன் ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றி, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தான்.

கவிழ்த்துப் போட்ட படகைத் தாண்டி, மற்ற மூவரின் கூப்பிடு தூரத்தையும் கடந்ததும் அவன் பேச்சு நின்றது. ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. அவன் தன் கையைப் பார்த்தான். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. பிறகு மெல்லத் திரும்பி, தண்ணீருக்குள்ளிருந்து கறுப்பாக எழுந்து நின்ற கடல்சுவரைப் பார்த்தான். அலை பின்வாங்கும்போதெல்லாம் அது அடிவயிற்றிலிருந்து முனகியது.

"அம்மா" என்றான் செபமாலையிடம். "இந்தச் சுவரு எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

செபமாலை அவன் கையை மெட்டில்டாவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்தவனைக் கூட்டிவரப் படகை நோக்கித் திரும்பி நடந்தாள்.